பாமாலையா, கீர்த்தனையா?

மட்டக்களப்பில் புதிதாகத் தேவாலயப் பாடகர் குழு தொடங்குகிறவர்கள் இந்தக் கேள்வியில்தான் முதலில் முட்டிக்கொள்கிறார்கள். 1814இல் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் ஓல்ட் மெதடிஸ்த திருச்சபையின் ஊழியத்தைத் தொடங்கிய ஊர் இது. மேல்நாட்டு மெட்டு நமக்கு அந்நியமில்லை.

பிறப்பு
பாமாலை: பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளின் தமிழாக்கம். மெட்டும் கூடவே வந்துவிட்டது.
கீர்த்தனை: தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் ராகம், தாளத்தோடு தமிழிலேயே கட்டியது.

சொல்
பாமாலையில் மெட்டு முந்தியது, சொல் பிந்தியது. அதனால் சில இடங்களில் குறில் நெடிலாக இழுபடும். அர்த்தம் புரிவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். கீர்த்தனையில் இந்தத் தொல்லை குறைவு. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால், புத்தகம் இல்லாத ஆச்சியும் சேர்ந்து பாடுவார்.

குரல்
பாமாலை: சோப்ரானோ, ஆல்டோ (பெண்குரல்), டெனர், பாஸ் (ஆண்குரல்) என நாலு குரலாகப் பிரியும். ஒத்திகை இல்லாமல் போனால் மானம் போகும்.
கீர்த்தனை: எல்லாருக்கும் ஒரே மெட்டு.

வாத்தியம்
பாமாலைக்கு ஓர்கன் அல்லது கீபோர்ட். கரண்ட் போனால் கீபோர்ட் ஊமை. கீர்த்தனைக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும். ஆனால் வாவிக்கரை ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளரும், சுதி இறங்கும்.

சரி, எதை எடுப்பது? அடக்க ஆராதனைக்கும் நத்தார் இரவுக்கும் பாமாலை. வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும், பத்துப் பேர்கூட இல்லாத குழுவுக்கும் கீர்த்தனை. என்னைக் கேட்டால், கீர்த்தனையில் தொடங்கி, டெனருக்கு ஆள் கிடைத்த பிறகு பாமாலையில் கை வைப்பேன்.