மூளையின் மின்சாரத்தைப் பிடிப்பது எது: ஈ.ஈ.ஜி.யா, எம்.ஆர்.ஐ.யா?

"எம்.ஆர்.ஐ. நோர்மல் என்றால் பிள்ளைக்கு ஏன் வலிப்பு வருது?" நியாயமான கேள்வி. வழமையான எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைத்தான் படம்பிடிக்கும். அங்கே ஓடும் மின்சாரம் அதில் விழாது.

மின்சாரத்தை நேரே அளப்பது ஈ.ஈ.ஜி. தலையில் 19 மின்வாய்கள் (மின்சாரத்தை உணரும், வயர் பூட்டிய சிறு உலோகத் தட்டுகள்). மில்லிசெக்கன் மாற்றமும் தெரியும். ஆனால் மண்டையோடு சமிக்ஞையைப் பரப்பிவிடுவதால், ஆழத்தில் எங்கே தொடங்கியது என்று சொல்வது கடினம். பதிவைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் மின்வாய் சரியாகப் பிடிக்காது. தோலுக்கும் மின்வாய்க்கும் இடையிலான மின்தடை, விரும்பத்தக்க எல்லையான 5 கிலோஓமைத் தாண்டும். கொழும்பு வெக்கையில் பஸ்ஸில் வியர்த்து வந்தால் பதிவின் கோடு மெதுவாக ஏறி இறங்கும். முதல் நாள் ஷாம்பூ போட்டு முழுகி, எண்ணெய் தவிர்த்து, நேரத்தோடு வந்து ஆறியிருந்தாலே பதிவு எவ்வளவோ சுத்தமாகும்.

மூளை வேலைசெய்யும் இடத்தைக் காட்டும் இன்னொரு வகை, செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. அது அளப்பது இரத்தத்தின் ஒட்சிசன் மாற்றத்தை. 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய வழி அது. இடத்தை 2–3 மில்லிமீற்றர் அளவில் காட்டும். ஆனால் இரத்த ஓட்டம் உச்சம் தொட ஏறக்குறைய 5 செக்கன் ஆகும். அதற்குள் மின்துடிப்பு எப்போதோ முடிந்திருக்கும். சமிக்ஞை மாற்றமும் சில வீதம்தான். தலை கொஞ்சம் அசைந்தாலே அது மூழ்கிப்போகும்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யாலேயே மின்சாரத்தை நேரே பார்க்க முடியாதா? நரம்பணுக்களின் காந்தப்புலம் நனோடெஸ்லா அளவு; ஸ்கானரின் சொந்தக் காந்தப்புலமோ 3 டெஸ்லா என்றால், அது 300 கோடி நனோடெஸ்லா. 2022இல் தென்கொரிய ஆய்வாளர்கள் 9.4 டெஸ்லா கருவியில், மயக்கிய சுண்டெலிகளில், 5 மில்லிசெக்கன் இடைவெளியில் நரம்புச் செயற்பாட்டைப் பிடித்ததாக அறிவித்தார்கள். 'டயானா' என்று பெயரிட்டார்கள். 2024இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு அதைச் சோதித்தபோது, எலிக்குப் பதிலாக வைத்த, தண்ணீர் நிரப்பிய குழாயிலிருந்தும் அதே மாதிரிச் சமிக்ஞை வந்தது. எலியைத் தூண்டுவதற்காக ஸ்கானரின் கட்டளை வரிசையில் செய்த மாற்றமே அதை உண்டாக்கியது. ஆகவே நோயாளிக்கு இது இன்னும் தெரிவே அல்ல.

ஈ.ஈ.ஜி.யையும் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ.யையும் ஒரேநேரத்தில் பதியலாம். வேலை கூடியது. மூளையலை மைக்ரோவோல்ற் கணக்கில் இருக்க, ஸ்கானர் தரும் இரைச்சல் மில்லிவோல்ற் கணக்கில் வரும். ஈ.ஈ.ஜி. கடிகாரத்தை ஸ்கானரோடு பூட்டி, செக்கனுக்கு 5,000 மாதிரிகள் எடுத்தால்தான் அதைச் சுத்தமாகக் கழிக்கலாம். இதயத்துடிப்பால் வரும் அசைவைக் கழிக்க ஈ.சி.ஜி.யும் வேண்டும். வயர்களை வளையமாக விடவே கூடாது. சூடேறித் தோல் எரியும். காந்த அறைக்குள் ஒத்துவரும் மின்வாய்த் தொப்பியே வேண்டும், சாதாரணமானது ஆகாது. வலிப்பு தொடங்கும் இடத்தைச் சத்திரசிகிச்சைக்காகத் தேடும்போது இந்தப் பாடு தகும். முதற் பரிசோதனைக்கு ஈ.ஈ.ஜி.யும் வழமையான எம்.ஆர்.ஐ.யும் தனித்தனியே போதும்.