சாப்பிட மறுக்கும் பிள்ளை: பெற்றோரை வெளியே உட்கார வைப்பதா, உள்ளே அழைப்பதா?

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் ஆபத்தான அளவுக்கு மெலிந்துவிடும் மனநோயான அனோரெக்சியா நெர்வோசா வந்த பதினைந்து வயதுப் பெண்ணைப் பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர், "நீங்கள் வெளியே இருங்கள், நான் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "அடுத்த வாரம் வீட்டில் உள்ள எல்லோரும் வாருங்கள், வரும்போது ஒரு வேளைச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வாருங்கள்" என்கிறார். இரண்டு வழிக்கும் நீண்ட வரலாறு உண்டு, இரண்டையும் நேருக்கு நேர் சோதித்த ஆய்வுகளும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டாவது வழியைத்தான் முதலில் முயல வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் வயது கூடும்போதும் நோய் பழசாகும்போதும் அந்த முடிவு மாறும்.

நிதானமாக யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய நோய் இது அல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்குப்படி, அனோரெக்சியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர்.

பெற்றோரை வெளியே அனுப்பும் பழக்கம் இந்த நோய்க்கு மருத்துவம் பெயர் வைத்த காலத்திலேயே தொடங்கியது. லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1870களில் அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரைக் கொடுத்தார். குறித்த நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று அவர் சொன்னது இன்றைக்கும் சரி. ஆனால் கூடவே, பார்த்துக்கொள்வதற்குச் சொந்தக்காரர்களைவிட மோசமானவர்கள் இல்லை என்றும் எழுதிவைத்தார். பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் ஒருபடி மேலே போய், பெற்றோரைப் பிரித்து வைத்தால்தான் குணமாகும் என்றார். இருபதாம் நூற்றாண்டில் ஹில்டே புரூக் என்ற மனநல மருத்துவர், குழந்தையின் பசி எது, மற்றத் தேவை எது என்று பிரித்தறிந்து அம்மா பதில் கொடுக்காததால், அந்தக் குழந்தைக்குத் தன் உடம்பு சொல்வதே புரியாமல் போகிறது என்று விளக்கினார். நோயாளிகளிடம் அவர் காட்டிய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நோயின் பழி முழுக்க அம்மாக்களின் தலையில் விழுந்தது, பிள்ளையைக் காப்பாற்ற ஓடிவந்த நேரத்தில். இதை நினைத்தால் இப்போதும் மனசு பொறுக்கவில்லை.

அந்தப் பழியை அசைக்கும் சான்று 1944லேயே கிடைக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இந்த ஆய்வுக்குத் தாங்களாக வந்தவர்கள். உடலும் மனமும் நன்றாக இருப்பவர்களாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டதில் எடையில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. அதற்கு மேல் நடந்ததுதான் முக்கியம். சமையலில் அக்கறையே இல்லாத ஆண்கள் சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சம் சாப்பாட்டைக் கலந்து, பிரித்து, மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து கிடந்தார்கள். பட்டினி முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும் சிலர் நிறுத்த முடியாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அனோரெக்சியா உள்ள பெண்ணிடம் "அவள் குணமே இப்படித்தான்" என்று நாம் எழுதிவைக்கும் பலவும் இந்த ஆண்களிடம் வந்தன, சாப்பாடு திரும்பியபின் பெரும்பாலும் போயும்விட்டன. அவர்களுக்கு அப்படி ஓர் அம்மா காரணமாக இருக்கவில்லை. பட்டினிதான் காரணம்.

சரி, பட்டினியில் பலரும் விழுகிறோம், விரதம் இருக்கிறோம், டயட் இருக்கிறோம். சிலர் மட்டும் ஏன் அதிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்? இங்கே மரபணு வருகிறது. 2019இல் சுமார் 17,000 அனோரெக்சியா நோயாளிகளின் மரபணுக்களை 55,000 பேருக்கு மேற்பட்ட மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களை அது கண்டுபிடித்தது. பதற்றம், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) ஆகியவற்றோடு மட்டுமில்லாமல், உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இந்த நோய்க்கு மரபணுத் தொடர்பு உண்டு என்பதும் அதில் தெரிந்தது. இதை வைத்து யாருக்கு நோய் வரும் என்று இரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட முடியாது. வளர்ப்புதான் காரணம் என்ற பேச்சை மட்டும் இனி யாரும் அடித்துப் பேச முடியாது.

சூழலுக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஃபிஜித் தீவுகளின் நட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டும், மூன்று ஆண்டு கழித்தும் பள்ளி மாணவிகளிடம் சாப்பாட்டுப் பழக்கம்பற்றி ஒரு வினாப்பட்டியலை வைத்துக் கேட்டார். அதில் நாம் கவலைப்பட வேண்டிய அளவுக்கு மதிப்பெண் வந்த பெண்களின் பங்கு 12.7 சதவீதத்திலிருந்து 29.2ஆக ஏறியிருந்தது. எடையைக் குறைக்க வாந்தி எடுக்கும் பழக்கம் முதல்முறை யாரிடமும் இல்லை; 1998இல் 11.3 சதவீதம் பேரிடம் இருந்தது. ஒல்லியாக இருக்கும் ஆசையைத் திரை ஊட்ட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. ஆனால் டிவி பார்த்த எல்லோரும் நோயாளி ஆகவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

இனி சிகிச்சைக்கு வருவோம். குடும்பத்தைச் சிகிச்சை அறைக்குள் சாப்பாட்டோடு உட்கார வைத்தவர் ஃபிலடெல்ஃபியாவின் சால்வடோர் மினுச்சின். அவரும் குடும்பத்தில்தான் கோளாறைத் தேடினார்: ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள், மிஞ்சிப் பாதுகாக்கிறார்கள், சண்டையைத் தவிர்க்கிறார்கள் என்று. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் கிறிஸ்டோஃபர் டேர், ஐவன் ஐஸ்லர், ஜெரால்ட் ரஸ்ஸல் ஆகியோர் அந்தச் சாப்பாட்டு மேசையை வைத்துக்கொண்டார்கள், பழியை எடுத்துவிட்டார்கள். வார்டில் நர்ஸ்கள் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள், எடை ஏறுகிறது; வீட்டுக்குப் போனதும் இறங்கிவிடுகிறது. அப்படியானால் அந்த வேலையை வீட்டில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை.

இந்தச் சிகிச்சையின் இரண்டாவது அமர்வை உதாரணத்துக்குப் பார்க்கலாம். குடும்பம் கொண்டுவந்த சாப்பாட்டை அறையிலேயே பரிமாறுகிறார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் சாப்பிடுகிறார்கள். பிள்ளை தட்டைத் தள்ளுகிறது. தெரப்பிஸ்ட் பிள்ளையோடு வாதாட மாட்டார். அப்பாவை நாற்காலியை நகர்த்தி அம்மாவுக்கு எதிரே பிள்ளையின் இன்னொரு பக்கம் உட்காரச் சொல்வார். இருவரும் ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில், கெஞ்சாமலும் திட்டாமலும் சொல்லச் சொல்வார். பிள்ளை தானாக எடுத்ததைவிட ஒரே ஒரு வாய் அதிகம் சாப்பிட்டால் அன்றைக்குப் போதும். நோய் வேறு, பிள்ளை வேறு என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும். ஏன் வந்தது என்ற கேள்வியை ஒதுக்கி வைப்பார்கள். முதலில் எல்லா வேளைச் சாப்பாடும் பெற்றோர் பொறுப்பு. எடை தேறத் தேற அந்தப் பொறுப்பு பிள்ளையிடம் திரும்பும். கடைசியில்தான் வயசுக்குரிய மற்றப் பேச்சுகள். உடன்பிறந்தவர்கள் கண்காணிக்கக் கூடாது, துணையாக மட்டும் இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது.

மாட்ஸ்லியின் முதல் சோதனை 1987இல் வெளியானது. மருத்துவமனையில் எடை தேறி வீடு திரும்பிய 80 பேர். எல்லோருக்கும் தனிச் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை மேலாக இருக்கவில்லை. 18 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் மட்டும் அது தெளிவாக வென்றது. ஐந்து ஆண்டு கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. இந்த "மட்டும்" என்ற சொல்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நேரடிப் போட்டி 2010இல், சிகாகோவிலும் ஸ்டான்ஃபோர்டிலும். 121 பதின்வயதினர், இரு பக்கமும் ஓராண்டில் 24 மணி நேரச் சிகிச்சை. ஒரு பக்கம் குடும்பம். மறுபக்கம் தனிச் சிகிச்சை: பிள்ளை தன் உணர்ச்சிகளை அடையாளம் காணவும், பட்டினியின்றி அவற்றைத் தாங்கவும், சொந்தக் காலில் நிற்கவும் பழகுவது. சிகிச்சை முடிந்த அன்று முழுக் குணமானவர்கள் குடும்பச் சிகிச்சையில் 42 சதவீதம், தனிச் சிகிச்சையில் 23. ஆனால் புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை. இன்னும் ஓராண்டு கழித்து அது 49, 23 ஆனது. இப்போது வித்தியாசம் உறுதி. தனிச் சிகிச்சையில் நான்கில் ஒருவர் போல முழுதும் தேறினார்கள் என்பதையும் குறைத்துப் பேசக் கூடாது. குடும்பச் சிகிச்சையிலும் பாதிப் பேருக்கு முழுக் குணம் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

எல்லா வீட்டிலும் ஒரே மேசை வேலை செய்யாது. அம்மாவின் விமர்சனம் கடுமையாக இருந்த குடும்பங்களில், சேர்த்து உட்கார வைப்பதைவிடப் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியாகப் பார்த்தது நல்ல பலன் தந்தது என்று மாட்ஸ்லி குழுவே 2000இல் எழுதியது. அதன்பின் மெல்பர்னில் 107 பேரிடம் ஒரு மாற்று வடிவம் சோதிக்கப்பட்டது. பிள்ளையை நர்ஸ் எடை பார்த்துச் சிறிது நேரம் பேசி அனுப்புவார். தெரப்பிஸ்ட் பெற்றோரை மட்டும் சந்திப்பார். முடிவில் முழுக் குணம் பெற்றோர் மட்டும் வந்த பக்கம் 43 சதவீதம், குடும்பம் முழுக்க வந்த பக்கம் 22. பிற்பாடு இந்த இடைவெளி சுருங்கிவிட்டது. என்றாலும் அப்பா அம்மா எதிரே வாய் திறக்கவே கூசும் பிள்ளைக்கும், கோபத்தை அடக்கத் தெரியாத பெற்றோருக்கும் இது நல்ல வழி. நம் பக்கத்தில் வீடு நிறையப் பெரியவர்கள், ஆளுக்கொரு யோசனை என்று இருக்கிற குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

புலிமியாவுக்குப் போனால் போட்டியாளர்கள் மாறுகிறார்கள். அடங்காமல் அள்ளிச் சாப்பிட்டு, அப்புறம் வாந்தி எடுத்து வெளியேற்றும் இந்த நோயை ஜெரால்ட் ரஸ்ஸல் 1979இல் தனியாக வரையறுத்தார். பெரியவர்களுக்கு இதில் ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, முன்னால் நிற்கிறது. சாப்பிட்டதை அப்போதைக்கப்போது குறித்துவைப்பது, பசி இருக்கிறதோ இல்லையோ சில மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடுவது, எடையைத் தெரப்பிஸ்டோடு சேர்ந்து வாரம் ஒருமுறை மட்டும் பார்ப்பது. கேட்க எளிமையாகத்தான் இருக்கும். கோபன்ஹேகனில் 70 நோயாளிகளை வைத்து 2014இல் வந்த ஆய்வு அதன் பலத்தைக் காட்டியது. ஒரு பக்கம் ஐந்து மாதத்தில் 20 சிபிடி அமர்வுகள். மறுபக்கம் இரண்டு ஆண்டு, வாராவாரம் உளப்பகுப்பாய்வு, அதாவது மனசின் ஆழத்தில் கிடப்பதைப் பேசி வெளியே கொண்டுவரும் முறை. இரண்டு ஆண்டு முடிவில் அள்ளிச் சாப்பிடுவதும் வெளியேற்றுவதும் நின்றவர்கள் சிபிடியில் 44 சதவீதம், உளப்பகுப்பாய்வில் 15. புலிமியா உள்ள பதின்வயதினரிடம் குடும்பச் சிகிச்சையும் சிபிடியும் மோதிய 2015 ஆய்வில் குடும்பச் சிகிச்சை வேகமாக முந்தியது. ஓராண்டில் வித்தியாசம் நிற்கவில்லை. அங்கே பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

பெரியவர்களின் அனோரெக்சியாவில் நிலைமை வேறு. இங்கே வெற்றியாளர் இல்லை. ஜெர்மனியில் 242 பெண்களிடம் உளப்பகுப்பாய்விலிருந்து வந்த உளவியக்கச் சிகிச்சை, சிபிடி, மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை மூன்றையும் பத்து மாதம் ஒப்பிட்டார்கள். எடை ஏறியது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நியூசிலாந்தில் 56 பெண்களிடம் நடந்த 2005 ஆய்வில், சிறப்புச் சிகிச்சைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த எளிய ஆதரவு முறைதான் முந்தியது. சத்துணவுபற்றிய அறிவுரையும், நோயாளி பேச விரும்புவதைப் பேச விடுவதும்தான் அதில் இருந்தன. ஆகவே பல ஆண்டு நோயோடு இருக்கும் முப்பது வயதுப் பெண்ணுக்கு, முறையின் பெயரைவிட அவள் விட்டுப்போகாமல் தொடர்ந்து போகக்கூடிய, இந்த நோயைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவர் முக்கியம் என்பேன்.

மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புலிமியாவில் மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸடின் உதவுகிறது. அனோரெக்சியாவில் எடை தேறியபின் கொடுத்துப் பார்த்த 2006 ஆய்வில் அது நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. மனச்சிதைவுக்குத் தரும் ஒலான்சபைன் எடையைக் கொஞ்சம் ஏற்றுகிறது, எண்ணங்களை மாற்றுவதில்லை.

மருத்துவமனையா வீடா என்ற கேள்விக்கு உடல்நிலைதான் பதில் சொல்ல வேண்டும். நாடித் துடிப்பு மிகவும் குறைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினாலோ உடனே சேர்க்க வேண்டும். நெடுநாள் பட்டினிக்குப் பின் சாப்பாடு தொடங்கும்போது பாஸ்பேட் சடாரென்று இறங்கி இதயத்தைத் தாக்கலாம் என்பதால் அந்த நாட்களில் கண்காணிப்பு கட்டாயம். ஆனால் உடல் நிலைப்பட்டபின் மாதக்கணக்கில் வார்டிலேயே வைத்திருப்பதால் கூடுதல் பலன் இல்லை. சிட்னியில் 82 பதின்வயதினரிடம், குறுகிய காலம் சேர்த்துவிட்டுக் குடும்பச் சிகிச்சைக்கு அனுப்பியதும், எடை தேறும்வரை வைத்திருந்து அனுப்பியதும் ஓராண்டில் ஒரே மாதிரிதான் முடிந்தன.

நம் ஊருக்கு வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைக் கேட்டுத்தான் மேலைநாட்டு வினாப்பட்டியல்கள் நோயைத் தேடுகின்றன. வேலூர் சிஎம்சி குழந்தை மனநலப் பிரிவிலிருந்து 2007இல் வந்த ஆய்வில் அனோரெக்சியாவைவிட மனம் சார்ந்த வாந்திதான் பலமடங்கு அதிகம் இருந்தது. பிள்ளை "வயிறு உப்புசமாக இருக்கிறது, இறங்கவில்லை" என்று சொல்லி மாதக்கணக்கில் சாப்பாட்டைக் குறைத்தால், ஒல்லி ஆசை இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. வயிற்று மருத்துவர் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அடுத்து மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

குடும்பச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால் முதல் நான்கு வாரத்தைக் கவனியுங்கள். அதற்குள் சுமார் 2 கிலோ ஏறிய பிள்ளைகள் கடைசியில் தேறும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஏறவில்லை என்றால் இருபது அமர்வும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெற்றோருக்குக் கூடுதல் பயிற்சி தரலாமா, பெற்றோர் மட்டும் வரும் வடிவத்துக்கு மாறலாமா, பிள்ளைக்கு சிபிடி தொடங்கலாமா என்று ஐந்தாவது வாரத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.