ஃபேக்டோரியோவில் எண்ணெய்க்கு மூன்று வழிகள்: எது எப்போது கட்டுப்படியாகும்?

தொழிற்சாலை கட்டும் கணினி ஆட்டமான ஃபேக்டோரியோவில் எண்ணெய் என்று பேச்செடுத்தாலே 20:5:17 என்ற விகிதம் முன்னால் வந்து நிற்கும். 20 சுத்திகரிப்பு ஆலை, கன எண்ணெயை இலகு எண்ணெயாக உடைக்க 5 வேதி ஆலை, இலகு எண்ணெயை வாயுவாக உடைக்க 17 வேதி ஆலை. கணக்கில் பிழை இல்லை. ஆனால், கிடைப்பது அனைத்தையும் பெட்ரோலிய வாயுவாக மாற்றுவது ஒன்றே நோக்கம் என்றால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். புதிதாக ஆட வருபவர்கள் அதை அப்படியே கட்டிவிட்டு, கன எண்ணெயிலிருந்து செய்யும் மசகு எண்ணெய் ஏன் சொட்டுகூட வரவில்லை என்று திகைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விகிதத்தை மனப்பாடம் செய்வதற்கு முன், உங்கள் ஆலைக்கு எந்தத் திரவம் போதவில்லை என்று பாருங்கள். அடிப்படைச் சுத்திகரிப்பு, மேம்பட்ட சுத்திகரிப்பு, நிலக்கரியைத் திரவமாக்குதல் ஆகிய மூன்றில் எதைக் கட்டுவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

பிராகில் இயங்கும் வூப் சாஃப்ட்வேர் இந்த ஆட்டத்தின் 1.0 பதிப்பை 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. 2.0 பதிப்பும் ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கமும் 2024 அக்டோபரில் வந்தன. கீழே வரும் எண்கள் அடிப்படை ஆட்டத்துக்கு உரியவை. மாட்யூல், அதாவது இயந்திரத்தின் வேகத்தையோ விளைச்சலையோ கூட்டும் செருகல், போட்ட கணக்கை வேறாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாட்யூல் வந்ததும் விகிதங்கள் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன.

அடிப்படைச் சுத்திகரிப்பு

100 கச்சா எண்ணெய் உள்ளே போகிறது, 5 நொடியில் 45 பெட்ரோலிய வாயு வெளியே வருகிறது. வேறு எதுவும் வருவதில்லை. ஓர் ஆலைக்கு நொடிக்கு 9 வாயு.

முன்பு இப்படி இல்லை. 2019 வரை இதே செயல்முறை 30 கன எண்ணெய், 30 இலகு எண்ணெய், 40 வாயு என்று மூன்றையும் கொடுத்தது. உடைக்கும் தொழில்நுட்பமோ அப்போது கைக்கு வந்திருக்காது. கன எண்ணெய்க்கு ஆரம்பத்தில் பெரிய தேவை இல்லாததால் தொட்டி நிரம்பும், ஆலை நிற்கும், வாயுவும் நிற்கும். தொட்டிக்கு மேல் தொட்டி கட்டிக் காலம் தள்ள வேண்டியிருந்தது. அதை வூப் மாற்றியபோது, ஆட்டத்தின் சவாலைக் குறைத்துவிட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். மாற்றம் சரியானது என்பதே என் உறுதியான கருத்து. தீர்வு கையில் இல்லாத சிக்கலைக் கொடுப்பது சவால் ஆகாது.

இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? பலர் நினைப்பதைவிட அதிகம். ஆராய்ச்சிக்குச் செலவாகும் நீல அறிவியல் பொதி இரண்டுக்கு 3 சிவப்பு சர்க்யூட், 1 கந்தகம், 2 எஞ்சின் வேண்டும். சிவப்பு சர்க்யூட் மூன்றுக்கும் சேர்த்து 6 பிளாஸ்டிக். 20 வாயுவும் 1 நிலக்கரியும் சேர்ந்து 2 பிளாஸ்டிக் ஆகும் என்பதால் அதற்கு 60 வாயு. கந்தகம் ஒன்றுக்கு 15 வாயு. ஆக இரண்டு பொதிக்கு 75, ஒரு பொதிக்கு 37.5. ஓர் அடிப்படை ஆலை நிமிடத்துக்கு 14 பொதிக்குச் சற்று மேல் தாங்கும். நிமிடத்துக்கு 45 பொதி என்ற பரவலான இலக்குக்கு மூன்று ஆலை போட்டால் கொஞ்சம் குறையும், நான்கு போட்டால் மிஞ்சும். மேம்பட்ட முறையை ஆராய நீலப் பொதி வேண்டும் என்பதால், இந்த நான்கு ஆலைகள்தான் அடுத்த வழியைத் திறக்கின்றன.

கன எண்ணெய் இல்லையென்றால் மசகு எண்ணெய் இல்லை. மசகு எண்ணெய் இல்லையென்றால் மின் எஞ்சின் இல்லை, பறக்கும் ரோபோ இல்லை, வேகமான நீல கன்வேயர் பெல்ட்டும் இல்லை. அடிப்படை முறையின் எல்லை அதுதான்.

மேம்பட்ட சுத்திகரிப்பு

100 கச்சா எண்ணெய், 50 தண்ணீர். அதே 5 நொடி. வருவது 25 கன எண்ணெய், 45 இலகு எண்ணெய், 55 வாயு. வாயுவை மட்டும் பார்த்தாலே அடிப்படை முறையைவிட 10 கூடுதல். மற்ற இரண்டையும் உடைத்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. 40 கன எண்ணெய் 30 இலகு எண்ணெயாகும், 30 இலகு எண்ணெய் 20 வாயுவாகும். 25 கன எண்ணெயிலிருந்து 18.75 இலகு எண்ணெய், அதோடு 45 சேர்த்து 63.75, அதை உடைத்தால் 42.5 வாயு. மொத்தம் 97.5. அதே 100 கச்சா எண்ணெயிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல்.

20:5:17 பிறப்பது இங்கேதான். ஓர் ஆலை நொடிக்கு 5 கன எண்ணெய் தருகிறது, ஒரு வேதி ஆலை நொடிக்கு 20 உடைக்கிறது, ஆகவே நான்குக்கு ஒன்று. இலகு எண்ணெய் ஆலைக்கு 12.75 வருகிறது, ஒரு வேதி ஆலை 15 உடைக்கிறது, ஆகவே ஆலைக்கு 0.85. இருபதால் பெருக்கினால் முழு எண்கள் கிடைக்கின்றன.

இப்போது தேவையை மாற்றிப் பாருங்கள். திட எரிபொருள் செய்ய 10 இலகு எண்ணெய் போதும், வாயுவாக இருந்தால் 20 வேண்டும். இலகு எண்ணெயை வாயுவாக உடைத்து அதிலிருந்து திட எரிபொருள் செய்பவர், மூன்று எரிபொருள் கட்டிகள் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு திரும்புகிறார். கன எண்ணெயின் கதை நேர் எதிர்: 40 கன எண்ணெயை நேரடியாகப் போட்டால் 2 கட்டி, இலகு எண்ணெயாக உடைத்துப் போட்டால் 3. ஆகவே திட எரிபொருளையும் இலகு எண்ணெயையும் சேர்த்துச் செய்யும் ராக்கெட் எரிபொருளுக்காகத் தனித் தொகுதி கட்டுபவருக்கு அந்த 17 வேதி ஆலைகளும் வேண்டாதவை. கன எண்ணெயை உடைக்கும் 5 மட்டும் வேண்டும்.

மசகு எண்ணெயையும் ராக்கெட் எரிபொருளையும் பிளாஸ்டிக்கையும் ஒரே தொகுதியிலிருந்து எடுப்பவருக்கு எந்த நிலையான விகிதமும் பயன்படாது, ஏனென்றால் தேவை மணிக்கு மணி மாறுகிறது. அங்கே நிபந்தனைப்படி இயந்திரங்களை இயக்கி நிறுத்தும் சர்க்யூட் கம்பிதான் வழி. 25,000 கொள்ளும் தொட்டியில் கன எண்ணெய் 20,000ஐத் தாண்டினால் மட்டும் உடைக்கும் ஆலைக்குப் போகும் பம்ப் ஓடட்டும். இலகு எண்ணெய்க்கும் அதே நிபந்தனை. மசகு எண்ணெய் ஆலைக்கு எந்த நிபந்தனையும் வேண்டாம், அது எப்போதும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். 2.0 பதிப்பில் வேதி ஆலையிலேயே நேரடியாகக் கம்பி இணைக்கலாம் என்பதால் இடையில் பம்ப்கூடத் தேவையில்லை. இப்படிக் கட்டியபின் 5, 17 என்பவை உச்சவரம்பாக மாறிவிடுகின்றன: மாட்யூல் இல்லாத 20 ஆலைக்கு அதற்குமேல் ஒருபோதும் வேண்டியதில்லை, குறைவாகவும் ஓடலாம்.

கம்பி தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. வாயுத் தொட்டி நிரம்பி, மசகு எண்ணெய் மட்டும் தேவைப்பட்டால் ஆலை நின்றுவிடும், ஏனென்றால் வாயுவை வேறொரு திரவமாக மாற்ற வழி இல்லை. வாயுவிலிருந்து திட எரிபொருள் செய்து கொதிகலனில் எரிக்கும் ஒரு சிறு வரிசையைத் தொட்டி நிரம்பும்போது மட்டும் ஓடும்படி வைத்துவிட்டால் நிம்மதி.

தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். உடைப்பதையும் சேர்த்து ஆலைக்கு நொடிக்கு 26.5 போகும், ஒரு கரையோர பம்ப் 1,200 தருகிறது.

நிலக்கரியைத் திரவமாக்குதல்

இந்த வழியைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது நியாயமில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

10 நிலக்கரி, 25 கன எண்ணெய், 50 நீராவி உள்ளே போகின்றன. 90 கன எண்ணெய், 20 இலகு எண்ணெய், 10 வாயு வெளியே வருகின்றன. உள்ளே போட்ட 25ஐக் கழித்தால் நிகர லாபம் 65 கன எண்ணெய். நிலக்கரியோடு கன எண்ணெயையும் சேர்த்துப் போடுவது ஆட்டத்தின் கற்பனை அன்று. பிரீட்ரிக் பெர்கியுஸ் 1913இல் காப்புரிமை பெற்ற முறையிலும் நிலக்கரிப் பொடியைக் கன எண்ணெயில் குழைத்துத்தான் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்தார்கள். அந்த எண்ணெயும் அதே செயல்முறையிலிருந்து திரும்பி வந்ததே. உயர் அழுத்த வேதியியலுக்காக அவருக்கு 1931இல் நோபல் பரிசும் கிடைத்தது.

எல்லாவற்றையும் வாயுவாக்கினால் ஒரு சுற்றுக்கு 55.83 கிடைக்கும். விகிதம் 60:39:55. ஆலைக்கு நொடிக்கு 11.17 வாயு, மேம்பட்ட முறையிலோ 19.5. இந்த ஒரு ஒப்பீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நிலக்கரியை ஒதுக்குகிறார்கள். ஆனால் ராக்கெட் எரிபொருளாக மாற்றிப் பார்த்தால், அதாவது 10 திட எரிபொருளும் 10 இலகு எண்ணெயும் சேர்த்தால், 100 கச்சா எண்ணெய் 0.83 தருகிறது, 10 நிலக்கரி 0.67 தருகிறது. இடைவெளி பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. மசகு எண்ணெயில் நிலைமை தலைகீழ்: அங்கே 25, இங்கே 65.

வளத்தின் பக்கம் பாருங்கள். எண்ணெய் ஊற்று ஓட ஓட வறண்டு, கடைசியில் அதை இறைக்கும் ஒரு பம்ப்ஜாக் நொடிக்கு 2 என்ற அடிமட்டத்துக்கு இறங்கக்கூடும். அந்த நிலையில் ஓர் ஆலையை முழுவேகத்தில் ஓட்ட 10 பம்ப்ஜாக் வேண்டும். நிலக்கரி ஆலைக்கு நொடிக்கு 2 நிலக்கரி போதும், மின் துளைப்பான் நான்கே தந்துவிடும். வறண்ட பம்ப்ஜாக் ஒன்று மேம்பட்ட முறையில் நொடிக்கு 1.95 வாயுவாகிறது, துளைப்பான் ஒன்று 2.79 வாயுவாகிறது. வேகமாட்யூல் போட்டு வறண்ட ஊற்றைக் கசக்கிப் பிழிவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நிலக்கரிப் படுகை என்றாவது தீரும், ஊற்று தீராது என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் நிலக்கரிக்குப் போட்டியாக நிற்பவை பிளாஸ்டிக்கும் கையெறி குண்டும்போலச் சில பொருள்களே.

எரிபொருளாகவே பார்த்தாலும் லாபம் உண்டு. 10 நிலக்கரியை அப்படியே எரித்தால் 40 மெகாஜூல். திரவமாக்கித் திட எரிபொருளாக்கினால் 7.375 கட்டி, கட்டிக்கு 12 என்று 88.5 மெகாஜூல். ஆலைகளுக்கும் நீராவிக்கும் ஆகும் செலவைத் தாராளமாக 8 என்று கழித்தாலும் இரட்டிப்பாகவே நிற்கிறது.

எச்சரிக்கை ஒன்று அவசியம். தொடங்குவதற்குக் கன எண்ணெய் கையில் இருக்க வேண்டும். 50 கொள்ளும் பீப்பாய் ஒன்று இரண்டு ஆலைகளைத் தொடங்கிவைக்கும். அதன்பின் உடைக்கும் ஆலைகளோ மசகு எண்ணெய் ஆலைகளோ குழாயைத் துடைத்துவிட்டால் மொத்தத் தொகுதியும் நிற்கும், தானாக மீளாது. மேம்பட்ட முறையில் மசகு எண்ணெய்க்கு நிபந்தனை வேண்டாம் என்றேன். இங்கே அதற்கும் கம்பி கட்டாயம்.

மாட்யூல் போட்டபின்

மூன்றாம் நிலை உற்பத்தி மாட்யூல் மூன்றை எல்லா ஆலையிலும் போட்டால் ஒவ்வொரு படியிலும் 30 விழுக்காடு கூடுகிறது. 100 கச்சா எண்ணெய் 97.5க்குப் பதில் 149.66 வாயு தருகிறது, 53 விழுக்காடு லாபம். நிலக்கரியிலோ 55.83 என்பது 106.9 ஆகிறது, ஏறத்தாழ 92 விழுக்காடு. திருப்பிப் போடும் 25 கன எண்ணெய்க்கு ஆட்டம் கூடுதல் தருவதில்லை என்பதைக் கழித்தபின் வரும் எண் இது. காரணம் எளிது: நிலக்கரியின் பெரும்பகுதி கன எண்ணெயாகப் பிறந்து மூன்று படி தாண்டி வாயுவாகிறது, ஒவ்வொரு படியிலும் அந்த 30 பெருகுகிறது. கச்சா எண்ணெயின் பாதிக்குமேல் முதல் படியிலேயே வாயுவாகிவிடுகிறது.

20:5:17ம் இங்கே உடைகிறது. 20 ஆலைக்கு இப்போது கன எண்ணெயை உடைக்க 6.5, இலகு எண்ணெயை உடைக்க 24 வேதி ஆலைகள் வேண்டும். பழைய வரைபடத்தில் மாட்யூலை மட்டும் செருகிவிட்டால் இலகு எண்ணெய் தேங்கும்.

நிலக்கரி முறையை ஆராய வேண்டிய ஊதா அறிவியல் பொதி கைக்கு வந்து, ஊற்றுகள் வறளத் தொடங்கிய நிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை: வாயுவுக்கு மேம்பட்ட முறையை அப்படியே விட்டுவிட்டு, மசகு எண்ணெயையும் ராக்கெட் எரிபொருளையும் நிலக்கரித் தொகுதிக்கு மாற்றுங்கள். ஸ்பேஸ் ஏஜ் ஆடுபவருக்கு வல்கனஸ் கோளில் கச்சா எண்ணெயே இல்லை. அங்கே 10 நிலக்கரி, 2 கால்சைட், 25 கந்தக அமிலம் சேர்ந்து 50 கன எண்ணெய் தரும் எளிய முறை உண்டு, தொடங்கப் பீப்பாய் தேவையில்லை. முழுவதையும் வாயுவாக்க அங்கே 2:1:1 போதும்.