‘புதுசா’ பண்ணித் தந்த மோரிஸ் மைனர்

என் பழைய மோரிஸ் மைனர் காரைப் புதுப்பித்துத் தந்த கடைக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். ஒன்று இருக்கை தைத்த சீனப் பெரியவருக்கு. இன்னொன்று எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மலாய்க்காரத் தம்பிக்கு. கடை முதலாளிக்கென்று தனியாக எதுவும் இல்லை.

கடை சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம். பெயரைப் போடவில்லை. எனக்குத் திருப்பித் தர வேண்டிய பணத்தை முதலாளி மூன்று தவணையில் தருவதாக எழுத்தில் ஒத்துக்கொண்டு இரண்டைக் கொடுத்தும்விட்டார். அதற்குப் பிறகும் பெயரைப் போட்டு இழுப்பது முறையில்லை.

வண்டி 1967ஆம் வருட மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி, இரண்டு கதவு, இளம்பச்சை. என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். 1968இல் பிரிட்டிஷ்காரர்கள் கப்பல் பட்டறையை ஒப்படைத்து அது செம்பவாங் ஷிப்யார்டு ஆனபோதும் அங்கேயே இருந்தார். ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய மோரிஸ் மைனரில் எங்கள் ஐந்து பேரையும் அடைத்துக்கொண்டு டேங்க் ரோடு கோயிலுக்கு வருவார். 1974இல் விற்றுவிட்டார். நான் 2016இல் வாங்கியது அதே மாடல், அதே வண்டி இல்லை. தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, அம்பாசடர் குட்டி போட்டிருக்கா?” என்றார்கள். ரொம்பத் தப்பில்லை. அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. மைனர் அந்த ஆக்ஸ்ஃபோர்டின் தம்பி.

இங்கே 35 வயது தாண்டிய வண்டியைக் கிளாசிக் திட்டத்தில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் வருடத்துக்கு 45 நாள்தான் ரோட்டில் எடுக்கலாம். அந்த 45 நாளுக்காக மீதி 320 நாள் துடைத்துக்கொண்டிருப்பவன் நான். என் மனைவியிடம் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்.

2022 மார்ச்சில் வண்டியைக் கொடுத்தேன். எஞ்சின் வேலை, இருக்கை, வயரிங், கதவுக்குக் கீழே துரு பிடித்த இடம், கடைசியில் முழு பெயின்ட். ஐந்து மாதம் என்றார். ஒரே ஒரு தாளில் கோட்டேஷன், 18,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வண்டி கைக்கு வந்தது 2023 மே மாதம், 14 மாதம் கழித்து. மொத்த பில் 27,300 வெள்ளி. இடையில் கப்பல் தாமதம், ஆள் இல்லை, பெயின்ட் ரூம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம். ரோடு வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டிக்கொண்டேதான் இருந்தேன். அந்த 14 மாதத்தில் எனக்கு 52 நாள் போய்விட்டது என்று மனைவி கணக்குப் போட்டுக் காட்டினார். தாமதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டி வேலையில் தேதி சொல்பவரை நம்புவதே தப்பு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கை அற்புதம். ஓரப் பைப்பிங் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றாகக் கட்டியிருந்தார் அந்தப் பெரியவர். எஞ்சினும் அப்படியே. சாவியைத் திருப்பினால் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் தானே அடங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு ஏழு வயது. வயரிங்கில் மட்டும் ஒரு கூத்து நடந்தது. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும், இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். இளம் எலெக்ட்ரீஷியன் ஒருவர் அது தெரியாமல் ஒரு புது ரேடியோவை மாட்ட, புகை வந்து ரேடியோ போய்விட்டது. முதலாளி தன் செலவில் சரிசெய்து கொடுத்தார். அதில் எனக்குக் குறையே இல்லை.

இனி ‘சில்’ சமாசாரம். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நீளமாக ஓடும் தகரப் பெட்டிதான் சில். மைனருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. அந்தப் பெட்டியும் தரையும் சேர்ந்துதான் வண்டியையே தாங்குகின்றன. அது ஒரே தகடும் இல்லை. உள்தகடு, அடித்தகடு, வெளித்தகடு என்று பல துண்டுகள். உள்ளே இருப்பது உதிர்ந்துபோனாலும் வெளியே புதுத் தகடு ஒன்றை மூடிப் பெயின்ட் அடித்துவிட்டால் பார்க்க ஜம்மென்று இருக்கும். உலகம் முழுக்க மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பழைய தில்லுமுல்லு இது. எனக்கும் தெரியும். அதனால்தான் ஆரம்பத்திலேயே முதலாளியிடம் கேட்டேன், “தம்பி, பழசை வெட்டி எடுத்துட்டுத்தானே புதுசு போடுவீங்க?” அதற்கு வாட்ஸ்அப்பில் 14 விநாடி குரல் பதிவு வந்தது. பின்னால் கிரைண்டர் சத்தம். “அண்ணே, சில்லு ரெண்டும் புதுசா பண்ணிடறேன், கவலைப்படாதீங்க.”

கவலைப்படவில்லை.

2023 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) கார்பார்க்கில் பின்டயர் காற்று இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ட்ராலி ஜாக்கைக் கடன் வாங்கி, அடியில் ஜாக் வைக்க வேண்டிய இடத்தில் சரியாக வைத்து மெதுவாக ஏற்றினேன். வண்டி எழவில்லை. ஜாக் மட்டும் மேலே போனது. அடியில் பூசியிருந்த கறுப்புத் தார்ப் பூச்சு முதலில் பாலாடை மாதிரி சுருங்கியது. பிறகு பப்படம் நொறுங்குகிற சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கின் தலை ஓர் அங்குலம் உள்ளே போயிருக்கிறது. திறந்து வைத்திருந்த டிரைவர் பக்கக் கதவைச் சாத்தப் போனேன், சாத்த முடியவில்லை. வண்டியின் நடுவே தொய்ந்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். கறுப்புப் பூச்சு, அதற்கு உள்ளே பட்டி, அதற்கு உள்ளே பளபளவென்று மெல்லிய புதுத் தகடு, ஆங்காங்கே பொட்டு வைத்த மாதிரி வெல்டிங். அதற்குப் பின்னால் 1967ஆம் வருடத் தகரம், சில்லு சில்லாக. உள்ளங்கை நிறைய வந்தது.

நான் 28 வருடம் ஷிப்யார்டில் பெயின்ட் இன்ஸ்பெக்டர். கப்பலில் ஒரு தொட்டியை மூடுவதற்கு முன் உள்ளே இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் மூட விடுவோம். மூடிய பிறகு வந்து பார் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு அன்று நல்ல நாள் இல்லை. அப்படிப்பட்டவன் என் சொந்த வண்டியின் சில்லை மூடுமுன் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. கடைக்குப் போனால் “வாங்கண்ணே” என்று தே தாரிக் (ஆற்றிய டீ) வாங்கித் தருவார், அரைமணி பேசுவோம், வந்துவிடுவேன். போனில் தேடினேன். 14 மாதத்தில் 43 படம் அனுப்பியிருக்கிறார். எஞ்சின், இருக்கை, டாஷ்போர்டு, பெயின்ட் ரூம். அடிப்பக்கம் ஒன்றுகூட இல்லை. எண்ணிப் பார்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

பழைய சகா ஒருவரிடம் எல்கோமீட்டர், அதாவது பெயின்ட் தடிப்பை அளக்கும் கருவி, வாங்கி வந்து வைத்தேன். கூரையில் 220 மைக்ரான், கதவில் 240. மறுபடி பெயின்ட் அடித்த வண்டிக்கு அது சரியான கணக்கு. சில்லில் வைத்தால் மீட்டர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது, எண்ணே காட்டவில்லை. மீட்டர் இல்லாதவர்கள் ஃபிரிஜ்ஜில் ஒட்டும் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தகரம் இருந்தால் பிடிக்கும், பட்டி என்றால் விழுந்துவிடும். ஆனால் பட்டிக்கு மேலே எங்காவது புதுத் தகடு இருந்தால் காந்தமும் ஏமாற்றும். வண்டி தூக்கும் ஹாய்ஸ்டில் ஏற்றி அடியில் பார்ப்பது ஒன்றுதான் வழி.

மறுநாள் கடைக்குப் போனேன். கோபமாகப் பேசவில்லை, படத்தைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். “அண்ணே, அறுபது வருஷ வண்டி. உள்ள தகரம்னு ஒண்ணு மிச்சம் இருந்தாத்தானே வெல்டு பிடிக்கும்? முழுசா வெட்டுனா இன்னும் பத்தாயிரம் ஆயிருக்கும். நீங்க கஷ்டப்படக்கூடாதுன்னுதான்...”

“அதத்தான் தம்பி அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

அதற்குப் பதில் இல்லை. பிறகு கோட்டேஷனை எடுத்து நீட்டினார். ‘சில் ரிப்பேர்’ என்றுதான் போட்டிருக்கிறது, மாற்றுவதாக எங்கே இருக்கிறது என்றார். நான் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். “புதுசான்னா புதுசு மாதிரின்னு அர்த்தம்ணே” என்றார்.

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ‘சட்டையப் புதுசா தச்சுக் குடுத்தான்’ என்றால் புதுச் சட்டை. ‘பாத்திரத்தப் புதுசா தேய்ச்சு வச்சிருக்கா’ என்றால் பழைய பாத்திரம்தான். ஒரே சொல். ஆனால் நான் கேட்ட கேள்வியிலேயே வெட்டி எடுத்துவிட்டு என்று இருக்கிறதே. அந்தக் கேள்விக்கு வந்த பதில்தானே அது?

பயனீட்டாளர் சங்கத்துக்குப் போன் பண்ணினேன். 2012இல் வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கான சட்டம்) வாங்கிய பொருளுக்குத்தான், இது மாதிரி வேலைக்கு இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். மிச்சம் இருந்த வழி ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கூடாது, அது இன்னும் நல்லது. சின் மிங்கில் வேறொரு கடையில் 180 வெள்ளி கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்த்து, படத்தோடு எழுத்தில் அறிக்கை வாங்கினேன். சில் வேலைக்கு அவர் வாங்கிய 7,400, போட்டதைப் பிரித்தெடுக்க ஆகும் 1,750, ஆக 9,150 வெள்ளி கேட்டு 2024 ஜனவரியில் சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக வீட்டிலிருந்தே பதிந்தேன். கட்டணம் 20 வெள்ளி. கண்ணாடி போடாமல் படிவம் நிரப்பியதில் ஒரு முறை எல்லாம் அழிந்து மறுபடி அடித்தது தனிக்கதை.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு வழக்கு. அந்த 14 மாதத்தில் என் மகள் கல்யாணம் நடந்தது. கடை முதலாளி குடும்பத்தோடு வந்து, சாப்பிட்டு, 101 வெள்ளி மொய் எழுதிவிட்டுப் போயிருந்தார். “மொதல்ல அந்த மொய்யத் திருப்பிக் குடுத்துட்டு அப்புறம் கேஸ் போடுங்க” என்றார் மனைவி. திருப்பிக் கொடுத்தால் அவமானப்படுத்துவது ஆகும், கொடுக்காமல் இருந்தால் உறுத்தும். கொடுக்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

நடுவர் மன்றத்தில் குரல் பதிவை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். அதே மகள்தான் மொழிபெயர்த்தாள். ‘நியூ’ என்று போட்டாள், பிறகு அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, லைக் நியூன்னும் சொல்லலாமே?” கடைசியில் என் கேள்வியையும் அவர் பதிலையும் சேர்த்தே மொழிபெயர்த்து, அந்த ஒரு சொல்லை மட்டும் ‘புதுசா’ என்றே விட்டு, பக்கத்தில் இரண்டு அர்த்தத்தையும் எழுதினோம். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதியிருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எதிரே உட்காரப் போகிறவருக்கும் தமிழ் தெரியுமே!

ஜூமில் நடந்த முதல் அமர்விலேயே முடிந்துவிட்டது. அமர்வை நடத்திய மன்ற அதிகாரி, ரெஜிஸ்ட்ரார், ஓர் இளம்பெண். குரல் பதிவில் அவர் அதிக நேரம் செலவிடவில்லை. 43 படங்களைப் பற்றித்தான் கேட்டார். மற்ற எல்லா வேலைக்கும் படம் இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இல்லை? முதலாளி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, “அண்ணன் எவ்வளவு எதிர்பாக்கறார்னு கேளுங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு, உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். 5,500 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டோம். 2,000, 2,000, 1,500. கேட்டதைவிடக் குறைவுதான். விசாரணை வரை இழுத்திருந்தால் கூடக் கிடைத்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெம்பில்லை.

இந்தக் கடையில் எஞ்சின், இருக்கை வேலை மட்டும் என்றால் நான் மறுபடியும் போவேன், நிஜமாகவே. தகர வேலைக்குப் போக மாட்டேன். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் ‘வெட்டி எடுத்து, உள்தகடு உட்பட மாற்றி’ என்ற வார்த்தைகள் கோட்டேஷனில் இருக்கட்டும். மூடுமுன் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிட்டால் டீ குடிக்கும் முன் வண்டிக்கு அடியில் படுங்கள்.

வண்டி இப்போது சின் மிங்கில். மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் தகடு புதிதாகச் செய்கிறார்கள், நான்கு வாரத்தில் வந்து சேர்ந்தது. உண்மையிலேயே புதுசு, கறுப்புப் பிரைமரோடு. வெட்டி எடுத்த பழைய சில்லை என்ன செய்வது என்று கேட்டார்கள். வாங்கி வந்து ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறேன். துரு தரையெல்லாம் உதிர்கிறது என்று தினமும் திட்டு விழுகிறது. மூன்றாவது தவணை இந்த மாதக் கடைசியில் வர வேண்டும். வந்தால் நட்சத்திரத்தை மூன்றாக்கிவிடுகிறேன்.