டாரட்டில் செய்வினைக் "கட்டு" எடுக்கிறோம் என்று 680 வெள்ளி பிடுங்குகிறார்கள், உஷார்

கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன். கோலாலம்பூர் ப்ரிக்ஃபீல்ட்ஸில் வீட்டுச் சமையல் ஆர்டர் எடுக்கும் என் அத்தையிடம் போன வாரம் 680 வெள்ளியை உருவிவிட்டார்கள். வாட்சாப் வீடியோ காலில் டாரட், அதாவது படச் சீட்டு எடுத்துப் பலன் பார்க்கும் சேவை. அதன் பெயரை இங்கே நான் போடவில்லை.

அத்தை கேட்டது ஒரே கேள்வி: கடை வாடகைக்கு எடுக்கலாமா? முதலில் விழுந்த சீட்டு எம்பரர் (பேரரசர், நாலாம் எண்), அடுத்து ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ் (நாலு காசுச் சீட்டு). "ரெண்டுமே நாலும்மா. நாலுன்னா அஸ்திவாரம். எல்லாத்தையும் உங்க கைக்குள்ளயே வச்சிருக்கீங்க" என்றார் அந்த ஆள். சரியான பலன்தான். அத்தை நம்பியதும் அந்த இடத்தில்தான். உடனே தாவினார்: "நாலு ராகு. நாலும் நாலும் எட்டு, எட்டு சனி. யாரோ உங்க பணத்துக்குக் கட்டுப் போட்டிருக்காங்க." பார்த்ததற்கு 80, கட்டெடுக்க 600.

அவர் காட்டியது 1909-இல் வந்த ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டு. அதில் ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸைப் பாருங்கள்: ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், ஒரு காசு தலைமேல், ஒன்று மார்போடு, இரண்டு காலடியில். அவனை யாரும் கட்டவில்லை. அவனேதான் இறுக்கிப் பிடித்திருக்கிறான். காலைத் தூக்கினால் காசு போய்விடும், அதனால் நகர முடியவில்லை. எம்பரரோ கல் அரியணையில், அங்கிக்குள் கவசத்தோடு. எம்பரர் முதலில் விழுந்தால், நிலைநிறுத்திய ஒழுங்கே பிடிவாதமாக இறுகுகிறது. பென்டகிள்ஸ் முதலில் என்றால், கையில் சேமிப்பு இருக்கிறது, இனி கணக்கும் விதியும் வேண்டும். எம்பரர் தலைகீழாக வந்தால் அதிகாரம் உண்டு, ஒழுங்கு இல்லை. பென்டகிள்ஸ் தலைகீழானால் பிடி தளர்கிறது, அல்லது காசு ஒழுகுகிறது. எது என்று பக்கத்துச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அத்தைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், முன்பணத்துக்கு வரம்பு வையுங்கள், சமையல், கணக்கு, டெலிவரி மூன்றையும் ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டி எட்டு என்றே வைத்தாலும், இந்தச் சீட்டுக்கட்டில் எட்டாம் எண் ஸ்ட்ரெங்த் (வலிமை): சிங்கத்தின் வாயை மெல்லிய கையால் அடக்கும் பெண். கோல்டன் டான் என்ற இங்கிலாந்து மறைஞானச் சங்கத்தின் மரபில் ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸுக்கு மகரத்தில் சூரியன். மகரம் சனியின் வீடுதான். ஆனால் அந்த மரபு இந்தச் சீட்டுக்கு வைத்த பெயரே "மண்ணுலக அதிகாரத்தின் தலைவன்". இதில் செய்வினை எங்கே வந்தது? எண்கணிதத்து ராகுவையும் சனியையும் இழுத்து ஒட்டியது பயமுறுத்திக் காசு பறிக்கத்தான்!

ரசீது கேட்டோம். "தட்சிணைக்கு ரசீது கிடையாது." பூஜை படம் கேட்டோம். "குரு தியானத்தில் இருக்கிறார்." பிறகு "48 நாள் பொறுங்க". கடைசியில் "உங்களுக்கு நம்பிக்கை போதாது, அதான் பலிக்கல" என்று அத்தையின் தலையிலேயே பழியைப் போட்டு பிளாக் செய்துவிட்டார்கள். 680 வெள்ளி! வீட்டிலிருந்து சமைத்து விற்கிறவருக்கு அது என்ன பணம் என்று தெரியுமா?

சீட்டிலிருந்து பரிகாரத்துக்குத் தாவினால் அழைப்பைத் துண்டியுங்கள். 78 சீட்டில் எதுவும் பூஜைக் கட்டணம் கேட்பதில்லை. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள். பணம் போன உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள்.