ஷாங் யாங்கின் வீழ்ச்சி: ஓர் ஒலித்தொடர்ப் பகுதியின் மதிப்புரை

பண்டைய சீனத்தின் ஆட்சியாளர்களையும் அமைச்சர்களையும் பற்றிச் சந்தா செலுத்திக் கேட்கும் தமிழ் ஒலித்தொடர் ஒன்றில், அப்போதைய ஏழு நாடுகளுள் ஒன்றான சின் நாட்டின் அமைச்சரும் சீர்திருத்தவாதியுமான ஷாங் யாங்கைப் பற்றிய பகுதி அண்மையில் வெளிவந்துள்ளது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் இப்பகுதி சந்தாவுக்குத் தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் அதன் முடிவுப் பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை.

கி.மு. 356இல் தொடங்கிய சீர்திருத்தங்கள் விரைவாகவே சொல்லப்படுகின்றன. குடும்பங்கள் ஐந்தும் பத்துமாகத் தொகுக்கப்பட்டு, ஒரு வீட்டின் குற்றத்தை மறைத்தால் அண்டை வீடுகளும் தண்டிக்கப்பட்டன. போரில் சாதிக்காதவர் அரச குலத்தில் பிறந்திருந்தாலும் குலப் பதிவில் இடம்பெற முடியாது என்றாயிற்று. பட்டத்து இளவரசன் சட்டத்தை மீறியபோது, அவனைத் தண்டிக்க இயலாது என்பதால் அவனுடைய காப்பாளர் சியன் தண்டிக்கப்பட்டார். இளவரசனின் ஆசிரியருக்கு முகத்தில் பச்சை குத்தப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் குற்றத்துக்கு ஆளான சியனின் மூக்கு அறுக்கப்பட்டது. அதன்பின் அவர் எட்டு ஆண்டுகள் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு வெளியே வராமல் இருந்தார். பின்னணி இசை எதுவுமின்றி, நிறுத்தி நிதானமாக இதைச் சொல்லியிருப்பதால், ஷாங் யாங்கின் பகை எங்கே வளர்ந்துகொண்டிருந்தது என்பது கேட்பவருக்குத் தெளிவாகப் புரிகிறது.

சாவ் லியாங் என்பவர் ஷாங் யாங்கை எச்சரிக்கும் உரையாடலை இரு குரல்களில் அமைத்திருப்பது இன்னும் சிறப்பு. ஆயுதம் தாங்கிய காவலர் இன்றி வெளியே வரவும் துணியாத உமது உயிர் காலைப் பனித்துளியைப் போன்றது, பெற்ற 15 ஊர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும் என்கிறார் அவர். ஷாங் யாங் கேட்கவில்லை. ஐந்தே மாதங்களில், கி.மு. 338இல், அவருக்கு ஒரே பற்றுக்கோடாக இருந்த சின் நாட்டு ஆட்சியாளர் கோமகன் சியாவ் இறந்துபோகிறார். சியனின் ஆட்கள் கலகக் குற்றம் சாட்டுகின்றனர்.

தப்பியோடும் ஷாங் யாங் எல்லைப்புறச் சத்திரத்தில் இடம் கேட்கிறார்; அடையாளம் இல்லாதவரைத் தங்கவைத்தால் ஷாங் கோமானின் (அதாவது ஷாங் யாங்கின்) சட்டப்படி தனக்கும் தண்டனை என்று மறுக்கிறார் சத்திரக்காரர். கி.மு. 340இல் சமாதான விருந்துக்கு அழைத்து, தம் பழைய நண்பரான வெய் நாட்டுத் தளபதி ஆங்கை வஞ்சகமாகச் சிறைபிடித்தவர் என்பதால் வெய் நாடும் அவரை ஏற்கவில்லை. வினை விதைத்தவன் வினை அறுத்தான் என்ற தொனியில் வர்ணனையாளர் இங்கே ஏறக்குறைய கதையை முடித்துவிடுகிறார். பிற்கால வரலாற்றாசிரியர் ஸீமா சியனே ஷாங் யாங்கை இயல்பிலேயே இரக்கமற்றவர் என்றுதான் மதிப்பிட்டார். எனவே இந்தக் கண்டிப்பில் எனக்குக் குறையில்லை. அவரைக் கொன்றது அவர் இயற்றிய சட்டம் என்பது போன்ற தோற்றம்தான் தவறு. அவரைக் கொன்று, உடலைத் தேர்களில் கட்டி இழுத்துக் கிழிக்கவும், குடும்பத்தை அழிக்கவும் ஆணையிட்ட புதிய ஆட்சியாளர், முன்பு சட்டத்தை மீறிய அதே இளவரசர். ஆனால் ஷாங் யாங்கின் சட்டங்களை அவர் விலக்கவில்லை. ஆளை அழித்து ஆட்சிமுறையை வைத்துக்கொண்ட இந்த முடிவு, விரிவாகப் பேசப்பட வேண்டிய ஒன்று. இங்கே அது ஒற்றை வாக்கியத்தில் கடந்துபோகிறது.

கி.மு. 344இல் ஷாங் யாங் தரப்படுத்திய வெண்கல முகத்தலளவை இன்றும் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.மு. 221இல் சீனத்தை ஒன்றிணைத்த சின் நாட்டு முதல் பேரரசரின் ஆணை அதே அளவையின் அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டது. இறந்தவரின் பணி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நடப்பில் இருந்ததற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

உச்சரிப்பு தெளிவாக உள்ளது. பெயர்ப்பட்டியலும் எழுத்தில் தரப்பட்டுள்ளது. இக்காலகட்டத்துக்குப் புதியவர்கள், ஏழு நாடுகளின் போர்களை விளக்கும் முந்தைய பகுதியைக் கேட்டபின் இதற்கு வருவது நல்லது.