ஒரே தொண்டையா, சிலிண்டருக்கு ஒன்றா? அமெரிக்க பிக்அப்களில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த கதை

1985 முதல் 1995 வரை வந்த அமெரிக்க பிக்அப்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு சண்டை நிச்சயம்: ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) டிபிஐ, அதாவது த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், நல்லதா, ஃபோர்டின் ஈஎஃப்ஐ, அதாவது எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், நல்லதா? வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பு இதுதான்: ஃபோர்டு உண்மையான இன்ஜெக்‌ஷன், ஜிஎம் விற்றது வேஷம் போட்ட கார்புரேட்டர். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதி அநியாயம். ஜிஎம் சொதப்பியது உண்மைதான், ஆனால் அது டிபிஐயில் இல்லை, அதற்கு அடுத்து செய்ததில்.

முதலில் டிரக்குகளுக்கு இது ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்துவிடலாம். 1957லேயே ஜிஎம்மின் செவ்ரோலே தன் கார்வெட்டில் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் போட்டு, 283 கன அங்குல இன்ஜினிலிருந்து 283 குதிரைத்திறன் எடுத்துக் காட்டிவிட்டது. 1958ல் கிரைஸ்லர், பெண்டிக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் அமைப்பை முயன்று பார்த்தது, அது சரியாக வேலை செய்யாததால் விற்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மறுபடியும் கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தது. ஆனால் பிக்அப் என்பது அப்போது வேலைக்கான வண்டி, விலை ஏறக்கூடாது, பண்ணையில் நின்றுவிட்டால் இருக்கிற ஸ்பேனரை வைத்துச் சரிசெய்ய முடிய வேண்டும், போதாததற்குப் புகை விதிகளும் கார்களைவிட டிரக்குகளுக்குத் தளர்வாகவே இருந்தன. 80களில் அந்த விதிகள் இறுகத் தொடங்கியதும் கம்பெனிகள் முதலில் செய்தது கார்புரேட்டரோடு ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டியதுதான். ஃபீட்பேக் கார்புரேட்டர் என்று பெயர். பானட்டைத் திறந்தால் இன்ஜின் தெரியாது, வாக்குவம் ஹோஸ்தான் தெரியும். அதில் ஏதோ ஒரு மூலையில் ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்தக் கூத்தோடு ஒப்பிட்டால் அதற்குப் பிறகு வந்த எந்த இன்ஜெக்‌ஷனும் புண்ணியம்தான்.

இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் எளிது. டிபிஐயில் கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் ஒரு த்ராட்டில் பாடி, அதன் தலையில் இரண்டு இன்ஜெக்டர். அவை மேலிருந்து பெட்ரோலைத் தூவ, அது காற்றோடு கலந்து மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) வழியாக எட்டு சிலிண்டருக்கும் போய்ச்சேர வேண்டும். ஃபோர்டு செய்தது மல்டிபோர்ட்: ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் வால்வுக்கும் பக்கத்தில் தனித்தனி இன்ஜெக்டர், மேனிஃபோல்டில் காற்று மட்டும் ஓடும். வாய்க்கால் பாசனத்துக்கும் சொட்டுநீருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் கடைசிப் பாத்திக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது எப்போதும் சந்தேகம்தான், அதிலும் குளிர்காலக் காலையில் பெட்ரோல் மேனிஃபோல்டின் சுவரில் படிந்துவிடும் என்பதால் அதைச் சூடாக்க வேறு வழி செய்ய வேண்டும்.

ஜிஎம்முடைய டிபிஐ 1987ல் பெரிய பிக்அப்களுக்கு வந்தது, 4.3 லிட்டர் வி6 தொடங்கி 5.0, 5.7, 7.4 லிட்டர் வி8கள் வரை எல்லாவற்றுக்கும். பெட்ரோல் அழுத்தம் வெறும் 9 முதல் 13 பிஎஸ்ஐ. இதுதான் அதன் ரகசியம் என்பேன். அழுத்தம் குறைவு என்றால் பம்புக்கு வேலை குறைவு, ஹோஸ் கசிந்தாலும் பீய்ச்சி அடிக்காது, இன்ஜெக்டர்கள் இன்ஜினின் சூட்டிலிருந்து தள்ளி மேலே உட்கார்ந்திருக்கின்றன, மாற்ற வேண்டுமென்றால் ஏர் கிளீனரைக் கழற்றினால் போதும், கண்முன்னே இருக்கும். அதைவிட அழகு, இன்ஜின் ஓடும்போதே டைமிங் லைட்டைக் காட்டி இரண்டு இன்ஜெக்டரும் எப்படித் தூவுகின்றன என்று கண்ணால் பார்க்கலாம். கூம்பாக விழுந்தால் நல்லது, ஒழுகினால் மாற்று. சோதனை முடிந்தது.

ஃபோர்டு இரண்டு வருடம் முந்திக்கொண்டது. 1985லேயே எஃப்-150 பிக்அப்பின் 5.0 வி8க்கு மல்டிபோர்ட் வந்துவிட்டது. 1987ல் பெயர்பெற்ற 4.9 இன்லைன் ஆறு, 1988ல் 5.8ம் 7.5ம். ஜிஎம் 5.7க்கு இரண்டு இன்ஜெக்டர் போட்ட காலத்தில் ஃபோர்டு வேலைக்காரர்கள் வாங்கும் சாதாரண ஆறு சிலிண்டருக்கே ஆறு இன்ஜெக்டர் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது, அது தாராளம்தான். அந்த 4.9ஐத்தான் நான் இந்த மொத்தக் காலகட்டத்தின் சிறந்த இணைப்பாகப் பார்க்கிறேன். நீளமான இன்லைன் ஆறில் நடுவில் ஒரு கார்புரேட்டர் வைத்தால் ஓரத்துச் சிலிண்டர்கள் எப்போதும் காய்ந்தே கிடக்கும், மல்டிபோர்ட் வந்ததும் அந்தப் பிறவிக் குறை அப்படியே தீர்ந்துவிட்டது. குதிரைத்திறன் சுமார் 150தான், ஆனால் முழு இழுவையும் 2000 ஆர்பிஎம் பக்கத்திலேயே கிடைத்துவிடும், டிரெய்லர் இழுப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

சரி, ஃபோர்டுக்கு எங்கே கெட்ட பெயர் வந்தது? இன்ஜெக்‌ஷனைச் சுற்றியிருந்த மற்றவற்றில். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த டிஎஃப்ஐ இக்னிஷன் மாட்யூல் (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இன்ஜின் சூட்டில் வெந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியை அணைத்துவிடும், ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பிறகு இரட்டை டேங்க். முன் டேங்க், பின் டேங்க், இரண்டிலும் பம்ப், ஆரம்ப வருடங்களில் இவை போதாதென்று சேசிஸில் இன்னொரு உயர் அழுத்த பம்ப். உள்ளே ஒரு செக் வால்வு கெட்டால் ஒரு டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோலின் மிச்சம் மற்ற டேங்குக்குத் திரும்பி, அது நிரம்பி வழியும் வரை போகும். கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை தலைகாட்டவில்லை, ஏனென்றால் இவ்வளவு பெட்ரோல் ஓயாமல் போய்த் திரும்பும் வேலையே அப்போது இல்லை.

இந்த விவாதத்தில் எல்லோரும் கையில் எடுக்கும் ஆயுதம் குதிரைத்திறன். டிபிஐ 5.7க்கு 210, 1996ல் அதே 5.7 வோர்டெக் (புதுப்பித்த இன்ஜின்களுக்கு ஜிஎம் வைத்த பெயர்) ஆனதும் 255. பார்த்தீர்களா, டிபிஐதான் கழுத்தை நெரித்தது என்பார்கள். ஆனால் 1996ல் மாறியது இன்ஜெக்‌ஷன் மட்டும் இல்லை, சிலிண்டர் ஹெட்டே புதிது. டிபிஐ காலத்து ஹெட் கலவையைச் சுழல வைத்து, கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக எரியச் செய்வதற்காக வடிவமைத்தது, மேலே போனால் மூச்சு வாங்கும். அந்த ஹெட்டோடு மல்டிபோர்ட் மாட்டியிருந்தாலும் 255 வந்திருக்காது. டாட்ஜ் கதையும் இதேதான். 1988ல் 3.9 வி6க்கும் 5.2 வி8க்கும் டிபிஐ வந்தது, 5.2ல் 170 குதிரைத்திறன். 1992ல் மேக்னம் என்ற பெயரில் மல்டிபோர்ட், ஒரே தாவலில் 230. அங்கேயும் ஹெட், மேனிஃபோல்டு எல்லாம் புதிது. மேக்னம் நல்ல இன்ஜின்தான், அதன் மேனிஃபோல்டுக்கு அடியிலிருக்கும் தகட்டின் கேஸ்கெட் மட்டும் விட்டுப்போய் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். டாட்ஜைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குதிரைத்திறனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு முறைகளும் டிரக்குக்கு உண்மையில் கொடுத்தது வேறு. டென்வர் போல ஒரு மைல் உயரத்திலிருக்கும் ஊரிலிருந்து ராக்கி மலைக் கணவாய்களுக்கு ஏறும்போது கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது, பெட்ரோலை அதே அளவில் ஊற்றி வண்டியைத் திணறடிக்கும். டிபிஐயோ மல்டிபோர்ட்டோ, கம்ப்யூட்டர் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளும். உறைந்த காலையில் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து ஃப்ளட் ஆக்கும் கலையும் தேவையில்லாமல் போனது. இந்த விஷயங்களில் டிபிஐ, மல்டிபோர்ட்டின் முக்கால்வாசி பலனைப் பாதிச் சிக்கலில் கொடுத்தது என்பது என் கணிப்பு. மீதிக் கால்வாசி, அதாவது சிலிண்டருக்குச் சிலிண்டர் சீரான கலவையும் சுத்தமான புகையும், விதிகள் மேலும் இறுகியபோதுதான் கட்டாயமானது.

இப்போது ஜிஎம்மின் உண்மையான தவறுக்கு வருவோம். டிபிஐ போதாது என்று ஆனதும் நேராக மல்டிபோர்ட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 1992ல் 4.3 வி6ல் சிபிஐ (சென்ட்ரல் போர்ட் இன்ஜெக்‌ஷன்) என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மேனிஃபோல்டுக்கு உள்ளே, மூடிக்கு அடியில், ஒரே ஒரு பெரிய இன்ஜெக்டர். அதிலிருந்து ஆறு நைலான் குழாய்கள் ஆறு சிலிண்டருக்கும் போகும், ஒவ்வொன்றின் முனையிலும் ஸ்பிரிங் வைத்த சின்ன பாப்பெட் வால்வு. தோற்றத்தைப் பார்த்து மெக்கானிக்குகள் வைத்த பெயர் ஸ்பைடர். 1996ல் வோர்டெக் வி6, 5.0, 5.7 எல்லாவற்றுக்கும் இதன் அடுத்த வடிவம் வந்தது, சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் என்று எண்ணிக்கை சரியானது, ஆனால் எல்லா இன்ஜெக்டரும் நடுவில் ஒரே கட்டையில், முனையில் அதே பாப்பெட். அழுக்குப் படிந்தால் பாப்பெட் ஒட்டிக்கொள்ளும், ஒரு சிலிண்டர் மிஸ் ஆகும். குழாயோ ரெகுலேட்டரோ கசிந்தால் பெட்ரோல் மேனிஃபோல்டுக்கு உள்ளேயே கொட்டும், வெளியே ஒரு துளியும் தெரியாது. அழுத்தம் 60 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தே ஆக வேண்டும், பம்ப் கொஞ்சம் களைத்து 50 பக்கம் இறங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். 10 பிஎஸ்ஐயில் நிம்மதியாக ஓடிய குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை! டிபிஐயின் எளிமையும் இல்லை, ஃபோர்டின் நேர்மையும் இல்லை. கடைசியில் ஜிஎம்மே குழாய் முனைகளில் நிஜ இன்ஜெக்டர்களை வைத்த மாற்று ஸ்பைடரைக் கொண்டுவந்தது, பழையதைக் கழற்றிவிட்டு இதை அப்படியே பொருத்தலாம். வோர்டெக் வாங்குகிறவர் இந்த மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பழுது பார்ப்பதிலும் ஒரு ஒப்பீடு உண்டு. ஜிஎம் டிபிஐயில் டேஷுக்கு அடியிலிருக்கும் கனெக்டரின் ஏ, பி முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து சாவியைத் திருப்பினால் செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னிப் பழுதின் குறியீட்டு எண்ணைச் சொல்லும், முதலில் 12 வந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஃபோர்டிலும் ஒரு வயரை வைத்து அந்த எண்ணை எடுக்கலாம், கூடுதலாக இன்ஜின் ஓடும்போதே சென்சார்களைச் சோதித்துக்கொள்ளும் பரிசோதனையும் உண்டு. இதில் ஃபோர்டுக்கே என் ஓட்டு. 1996ல் ஓபிடி-2 என்ற பொதுவான பழுதறியும் முறை எல்லோருக்கும் கட்டாயமானதும் இந்த வித்தைகளுக்கெல்லாம் வேலை இல்லாமல் போனது.

1999 சில்வராடோ பிக்அப்பின் 4.8, 5.3 வி8களில் ஜிஎம் ஒருவழியாகச் சிலிண்டருக்கு ஒரு நிஜ இன்ஜெக்டர் என்ற ஃபோர்டின் பழைய வழிக்கே வந்து சேர்ந்தது. 5.3ல் 270 குதிரைத்திறன், ஸ்பைடர் தொல்லை இல்லை, அந்த இன்ஜின்களை இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். அதற்குள் அடுத்த போட்டி தொடங்கிவிட்டது. 2011 எஃப்-150ன் 3.5 ஈக்கோபூஸ்ட் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்கு உள்ளேயே பீய்ச்சியது, 2014ல் ஜிஎம்மும் அதே வழிக்கு வந்தது. அழுத்தம் இப்போது 2000 பிஎஸ்ஐக்கும் மேல். வால்வின் மேல் பெட்ரோல் படாததால் கழுவ ஆளில்லாமல் கரி படிய ஆரம்பித்தது, 2017ல் ஃபோர்டு தன் 3.5ல் நேரடி இன்ஜெக்டரோடு பழைய போர்ட் இன்ஜெக்டரையும் சேர்த்து மாட்டிவிட்டது. ஜிஎம் தன் 5.3 வி8ல் அப்போது நேரடியோடு நிறுத்திக்கொண்டது.

80, 90களின் வண்டி ஒன்று வேண்டும் என்பவருக்கு என் வரிசை இது: முதலில் ஃபோர்டு 4.9 ஈஎஃப்ஐ, அதுவும் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிரித்துத் தள்ளி வைத்த 90களின் வண்டி. அது கிடைக்காவிட்டால் 5.7 டிபிஐ, கண்ணை மூடிக்கொண்டு. மேக்னம், கேஸ்கெட்டைப் பார்த்த பிறகு. ஸ்பைடர் மாற்றாத வோர்டெக் என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.